உறைந்த கால்வாயில் 7.8 கிலோமீட்டர்... உள்ளங்கால் ஒத்துழைக்குமா?

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை காலை. வெயில் பளீரென்று அடிக்கிறது. ஆனால் வெப்பநிலையோ மைனஸ் 14 டிகிரி. கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில், நகரத்தின் நட்டநடுவே ஓடும் ரிடோ கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. படகுகள் போன பாதையில் மனிதர்கள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். குழந்தையை வைத்துச் சறுக்குவண்டியைத் தள்ளும் அப்பாக்கள், கைகோத்துச் செல்லும் வயதான தம்பதிகள், முதுகில் பையுடன் விரையும் மாணவர்கள் என்று திருவிழாக் கூட்டம்.

கரையிலிருந்து இறங்கும் மரப்படிகளில் ஓர் அம்மாவும் ஒன்பது வயது மகளும் நிற்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து போனவர்கள். அம்மாவுக்கு, ஒட்டாவாவின் மேற்கே கனாட்டா பகுதியிலுள்ள ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் வேலை. இந்தக் கால்வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சேர்ந்தே ஸ்கேட்டிங் போவது என்பது மகளுக்கு அம்மா கொடுத்த வாக்கு. அதை நிறைவேற்ற மூன்று குளிர்காலம் காத்திருந்தார்கள்.

ஐஸில் இறங்கிப் பத்தே நிமிடம். முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் அம்மாவின் இரண்டு உள்ளங்கால்களும் இறுகிப் பிடித்துக்கொண்டன.

"அம்மா, கால் வலிக்குதா?"

"பாதத்துக்கு நடுவுல யாரோ கயிறு போட்டு முறுக்குற மாதிரி இருக்குடி. செத்த நேரம் நில்லு."

கொசுவும் காய்ச்சலும் வெட்டிய கால்வாய்

அந்த அம்மா ஓரமாக உட்காரட்டும். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கதை கொஞ்சம் பெரியது.

1812-ல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டது. மீண்டும் ஒரு போர் வந்தால், எல்லையை ஒட்டி ஓடும் செயின்ட் லாரன்ஸ் நதியில் அமெரிக்கர்கள் படகுகளை மறித்துவிடுவார்கள் என்று பிரிட்டிஷார் பயந்தார்கள். அதனால், உள்நாட்டு வழியாகவே கிங்ஸ்டன் நகரத்துக்குப் படையும் சரக்கும் கொண்டுபோக ஒரு நீர்வழி தேவைப்பட்டது. ராணுவப் பொறியாளர் ஜான் பை தலைமையில் 1826-ல் தொடங்கிய வேலை 1832-ல் முடிந்தது. நீளம் 202 கிலோமீட்டர். இன்றைய ஒட்டாவா நகரமே அந்த வேலைக்காக வந்தவர்கள் தங்கிய குடியிருப்பாகத்தான் தொடங்கியது. அந்தப் பொறியாளரின் பெயரால் அதை அப்போது 'பைடவுன்' என்று அழைத்தார்கள்.

பனி கொட்டும் இந்த ஊரில் மலேரியா வந்தது என்றால் நம்ப முடிகிறதா? கோடைக்காலத்தில் சதுப்பு நிலங்களில் மண் வெட்டியவர்களைக் கொசு விட்டுவைக்கவில்லை. காய்ச்சலிலும், வெடி விபத்துகளிலும், மற்ற நோய்களிலும் ஏராளமான தொழிலாளர்கள் இறந்தார்கள். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களும், பிரெஞ்சு பேசும் கனடியர்களும் அவர்களில் அதிகம். கடைசியில், எந்தப் போருக்காக வெட்டினார்களோ அந்தப் போர் வரவே இல்லை. சரக்குப் படகுகள் போயின. பிறகு உல்லாசப் படகுகள் வந்தன. 2007-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உறைந்த கால்வாயை மக்கள் விளையாட்டிடமாக முறைப்படி திறந்துவிட்டது 1971 ஜனவரியில். தலைநகரப் பகுதியை நிர்வகிக்கும் தேசியத் தலைநகர ஆணையத்தின் ஊழியர்கள், துடைப்பமும் மண்வாரியுமாக இறங்கிப் பனியை விலக்கித் தொடங்கிவைத்தார்கள். இன்று நகர மையத்திலுள்ள தேசியக் கலை மையத்தின் அருகிலிருந்து கார்ல்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹார்ட்வெல்ஸ் மதகுகள் வரை 7.8 கிலோமீட்டர் பாதை. ஒலிம்பிக் அளவுள்ள சுமார் 90 ஸ்கேட்டிங் தளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பரப்பு. உலகிலேயே மிகப் பெரிய இயற்கை ஸ்கேட்டிங் தளம் என்று கின்னஸில் இடம்பிடித்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

தரை வேறு, ஐஸ் வேறு

ஓரமாக உட்கார்ந்த அம்மாவுக்கு வந்த வலி புதிதல்ல. முதன்முறை ஸ்கேட்டிங் போகிறவர்களில் பலரை முதல் அரைமணி நேரத்திலேயே உட்காரவைப்பது இந்த உள்ளங்கால் வலிதான். விழுந்து அடிபடுவோமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வலி, விழாதபோதே வந்துவிடுகிறது.

காரணம் இதுதான். நம் பாதத்தின் உட்புறம் ஒரு வில்லைப் போல வளைந்திருக்கிறது. எலும்புகளும், குதிகாலிலிருந்து விரல்கள் வரை நாணைப் போல ஓடும் பிளான்டார் ஃபேஷியா என்ற தடித்த தசைநார்ப் பட்டையும், சின்னச் சின்னத் தசைகளும் சேர்ந்து அந்த வில்லைத் தாங்குகின்றன. தரையில் நடக்கும்போது முழுப் பாதமும் எடையைப் பகிர்ந்துகொள்கிறது. ஐஸிலோ, மொத்த உடம்பும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இரும்புத் தகட்டின் மேல் நிற்கிறது. உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயாமல் பிடித்துக்கொள்ளும் வேலை அந்தச் சின்னத் தசைகளின் தலையில் விழுகிறது. வருடக்கணக்காகச் செருப்புக்குள் சும்மா இருந்த தசைகளுக்குத் திடீரென்று ஓவர்டைம்!

அதோடு, கால்வாயின் ஐஸ், மாலுக்குள் இருக்கும் தளம்போல வழவழவென்று இருக்காது. இரவு நேரங்களில் தண்ணீர் பாய்ச்சி மேற்பரப்பைச் சமப்படுத்துகிறார்கள். ஆனாலும், வெயிலும் காற்றும் கூட்டமும் அதைச் சொரசொரப்பாக்கிவிடும். குளிர் இறுகும்போது விரிசல் விடும். அந்த அதிர்வு முழுவதும் பிளேடு வழியாக நேராக உள்ளங்காலுக்கு ஏறுகிறது.

அப்பாவின் செருப்பும் அம்மாவின் ஸ்கேட்ஸும்

கால்வாயின் நெடுகே, காலணி மாற்றிக்கொள்ள ஐஸ் மேலேயே சூடேற்றிய குடில்கள் உண்டு. மகள் கைபிடித்து அழைத்துவர, அம்மா அப்படி ஒரு குடிலுக்குள் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பெஞ்சில் லேஸ் கட்டிக்கொண்டிருந்த, அறுபதைத் தாண்டிய ஒருவர், இவர் பாதத்தைப் பிசைந்துவிடுவதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"வாடகை ஸ்கேட்ஸா? சைஸ் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?"

"என் ஷூ சைஸைவிட ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டேன். குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "முதல் வருடம் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்தேன்."

நம் வீடுகளில் குழந்தைகள் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்போம். செருப்பு கழன்றுவிடாமலிருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்தபடியே நடப்பார்கள். பெரிய ஸ்கேட்ஸுக்குள் பெரியவர்களின் கால் செய்வதும் அதையேதான். பாதம் உள்ளே வழுக்குகிறது. விரல்கள் மடங்கி அடித்தளத்தைப் பற்றப் பார்க்கின்றன. விரல் மடங்க மடங்க, உள்ளங்கால் வில் இறுகிக்கொண்டே போகிறது. பத்து நிமிடத்தில் சுளுக்குப் பிடித்ததுபோல வலி. இரண்டு சாக்ஸ் போட்டால் இன்னும் மோசம். ஒன்றின் மேல் ஒன்று நழுவும்.

ஹாக்கி ஸ்கேட்ஸ் பெரும்பாலும், நாம் வழக்கமாகப் போடும் ஷூவைவிட ஒன்று அல்லது ஒன்றரை சைஸ் குறைவாகத்தான் பொருந்தும். எழுந்து நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்கி, குதிகால் பின்பக்கத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். குதிகால் மேலே எழும்பினால், அது உங்கள் சைஸ் இல்லை.

அம்மா, கடையில் போய் மாற்றிக்கொண்டார். ஒன்றரை சைஸ் சின்னது. ஒரே ஒரு மெல்லிய கம்பளிச் சாக்ஸ்.

லேஸ் கட்டுவதும் ஒரு கலை

சைஸுக்கு அடுத்த வில்லன் லேஸ். பயத்தில், கீழேயிருந்து மேல் வரை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பாதத்தின் மேற்புறத்தில் ஓடும் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் நசுங்குகின்றன. விரல் மரத்துப்போகிறது, வளைவு வலிக்கிறது, குளிரும் கூடுதலாகத் தெரிகிறது. அதற்காகத் தளரவிட்டால் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும். அப்போதும் அடி வாங்குவது அதே வளைவுதான்.

அனுபவசாலிகள் லேஸை மூன்று பகுதியாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். முதலில் உட்கார்ந்தபடி குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, பின்பக்கம் பொருந்தவைக்க வேண்டும். விரல் பகுதியில் தளர்வு. விரல்கள் அசைய வேண்டும். பாதம் கணுக்காலோடு சேரும் மடிப்பில்தான் நல்ல இறுக்கம். குதிகாலைப் பூட்டுப் போட்டதுபோல நிறுத்துவது அந்த இடம்தான். அதற்கு மேலே, கணுக்கால் முன்னோக்கி மடங்குகிற அளவுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டி முடித்ததும் பத்து நிமிடம் போய்விட்டு வந்து, ஒருமுறை அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் இன்னும் நல்லது. உடம்புச் சூட்டில் காலணி சற்று இளகியிருக்கும்.

மூன்றாவது காரணம் நிற்கும் விதம். பயந்தவர்கள் முழங்காலை விறைத்து, விரலை மடக்கி நிற்பார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து, விரல்களை வேண்டுமென்றே விரித்துவிட்டால் பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். "விரலால் பியானோ வாசிப்பதுபோல உள்ளே அசைத்துக்கொண்டே போங்கள்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் தன் வழியில் வழுக்கிப் போய்விட்டார்.

பாலத்துக்குப் பாலம்

இந்தமுறை அம்மாவும் மகளும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். எந்தப் பாலம் வந்தாலும் நிற்பது. நின்றால் முழங்காலை நீட்டி, கெண்டைக்காலைத் தளர்த்துவது. கெண்டைக்கால் இறுகினால் குதிகாலை இழுக்கும். குதிகால் இழுபட்டால் உள்ளங்கால் பட்டையும் இழுபடும்.

ரிடோ கால்வாயில் பாலங்களுக்குப் பஞ்சமில்லை. நடந்து போகிறவர்களுக்கான கார்க்டவுன் பாலத்தைத் தாண்டினால், படகு வந்தால் நடுப்பகுதி மேலே எழும்பும் பிரிட்டோரியா பாலம். அதற்கப்பால், ஊருக்குள் கிளைபிரிந்து செல்லும் பேட்டர்சன் ஓடை. இரு பக்கமும் பழைய வீடுகளும் மரங்களும். பிறகு 2019-ல் திறந்த ஃப்ளோரா நடைபாலம். அதையொட்டி லான்ஸ்டவுன் பூங்கா. வாரநாள்களில் இதே வழியாக அலுவலகத்துக்கு ஸ்கேட்டிங்கிலேயே போகிறவர்கள் உண்டு. டிராஃபிக் இல்லை, சிக்னல் இல்லை. கரையேறும்போது பையிலிருந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

வழியில் ஒரு வாசனை நிறுத்தியது. 'பீவர்டெய்ல்' கடை. கோதுமை மாவைப் பீவர் என்ற விலங்கின் வால்போல நீளமாக இழுத்து, எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருகிறார்கள். சுடச்சுட வாங்கி, ஐஸ் மேல் நின்றபடி சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. எலுமிச்சை பிழிந்தும் கேட்கலாம்.

"இது நம்ம பூரிதானேம்மா?"

"பூரிக்கு அக்கா. சீனி போட்டுக்கிட்டு ஃபாரின் போயிட்டா."

சாப்பிட்டபடியே அம்மா ஸ்கேட்ஸைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்து, உள்ளங்காலால் முன்னும் பின்னுமாக உருட்டினார். இரண்டு நிமிடம். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் முறுக்கிய கயிறு தளர்ந்தது.

ஐஸ் வராத குளிர்காலம்

இவ்வளவு வலியோடு ஏன் போக வேண்டும், இன்னொரு நாள் வரக் கூடாதா என்று தோன்றலாம். ஒட்டாவாவில் இப்போதெல்லாம் அந்த 'இன்னொரு நாள்' நிச்சயமில்லை.

ஸ்கேட்டிங்குக்குத் திறக்க, நல்ல தரமான ஐஸ் 30 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். அதற்குப் பத்து, பதினைந்து நாள்கள் தொடர்ந்து கடுங்குளிர் தேவை. இலையுதிர் காலத்தில் கால்வாயின் நீர்மட்டத்தைக் குறைத்து, படிகளையும் குடில்களையும் இறக்கித் தயாராக வைக்கிறார்கள். ஐஸில் துளையிட்டுத் தடிமன் பார்க்கிறார்கள். பச்சைக் கொடி என்றால் இறங்கலாம்; சிவப்புக் கொடி என்றால் கூடாது.

2022-23 குளிர்காலத்தில் பச்சைக் கொடி ஏறவே இல்லை. 1971-க்குப் பிறகு ஒருநாள்கூடத் திறக்காத முதல் வருடம் அது. அந்த அம்மாவும் மகளும் ஒட்டாவாவுக்கு வந்த முதல் குளிர்காலமும் அதுவே. புது ஸ்வெட்டருடன் கரையில் நின்று, கறுத்த தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு 2024 ஜனவரியில் திறந்தது. சில நாள்களிலேயே மழையும் இளஞ்சூடும் வந்து மூட வேண்டியதாயிற்று. அந்தச் சில நாள்களில் மகளுக்குக் காய்ச்சல். 2025-ல்தான் குளிர் பழையபடி வந்தது. ஜனவரி 11 அன்று பச்சைக் கொடி ஏறியது. அதனால்தான் அம்மா, வலித்த காலோடு வீட்டுக்குத் திரும்பாமல், குடிலுக்குள் போய் லேஸை அவிழ்த்தார்.

வலி சொல்லும் சேதி

வலியைப் பொறுத்துக்கொண்டு போவது வேறு. அதைப் புரிந்துகொண்டு போவது வேறு. ஸ்கேட்டிங் போக நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• போவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே தயாராகலாம். தரையில் ஒரு துண்டை விரித்து, கால்விரல்களால் சுருட்டி இழுப்பது, ஒற்றைக் காலில் அரைநிமிடம் நிற்பது, சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது. மூன்றும் சேர்த்துப் பத்து நிமிட வேலை.

• தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கும், வளைவு மிக உயரமாக இருப்பவர்களுக்கும் ஸ்கேட்ஸுக்குள் இருக்கும் தட்டையான இன்சோல் போதாது. வளைவைத் தாங்கும் இன்சோல் வைத்தால் பலருக்கும் வித்தியாசம் தெரியும். அதை வைத்த பிறகு சைஸை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

• சொந்தமாக வாங்கிய புது ஸ்கேட்ஸ் முதலில் கடினமாகத்தான் இருக்கும். இருபது, முப்பது நிமிடமாகப் பழக்க வேண்டும். சில வகைகளைக் கடையிலேயே சூடேற்றிக் காலுக்கேற்ப வடிவம் கொடுத்துத் தருவார்கள். பழகிய பிறகும் ஒரே பாதம் மட்டும் வலித்தால், பிளேடு நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

• ஓய்வெடுத்ததும் குறைகிற வலி, தசைச் சோர்வு. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகாலில் குத்தினாலோ, வீக்கம் இருந்தாலோ, ஒரே இடத்தில் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, மரத்துப்போவது நீடித்தாலோ டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

• சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உராய்வும் தெரியாது, குளிர் தாக்குவதும் தெரியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். இடையிடையே கழற்றிப் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

டவ்ஸ் ஏரிக் கரையில்

பேங்க் தெருப் பாலமும் பிரான்சன் பாலமும் கடந்தால் கால்வாய் சட்டென்று அகன்று ஏரியாகிறது. டவ்ஸ் ஏரி. கால்வாய் வெட்டியபோது இது ஒரு சதுப்பு நிலம். கரை கட்டித் தண்ணீர் தேக்கியதில் ஏரியானது. இத்தனை நேரம் இருபுறக் கரையும் தடுத்த காற்று, இங்கே திறந்த வெளியில் முகத்தில் அறைகிறது.

அம்மாவும் மகளும் அங்கே வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. இன்னும் மிச்சமிருப்பது ஹார்ட்வெல்ஸ் மதகுகள் வரையிலான கடைசித் துண்டுதான். மகளின் கண் அந்தப் பக்கமே இருந்தது. அம்மா ஒரு காலைத் தூக்கி, விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார். இடது கால் சரியாக இருந்தது. வலது கால் வளைவில், காலையில் கேட்ட அந்தப் பழைய குரல், மெல்லிசாக.

"இன்னும் கொஞ்சம்தானேம்மா?"

"இன்னும் கொஞ்சம்தான். ஆனா கால் போதும்ங்குது. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை போவோம்."

"அடுத்த சனிக்கிழமை ஐஸ் இருக்குமா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கரையோரத்தில் பறந்த பச்சைக் கொடியைப் பார்த்தார். போனை எடுத்து வானிலை பார்த்தார். ஏழு நாளும் மைனஸ்தான்.

"இருக்கும். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பெஞ்சில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து, ஸ்கேட்ஸிலிருந்து காலை உருவி, பழைய பூட்ஸுக்குள் விட்டார். பாதம் முழுவதும் தட்டையாகத் தரையில் பதிந்தபோது, தரை என்பது எவ்வளவு சுகமான பொருள் என்று அவருக்குத் தெரிந்தது.